கஞ்சி ராத்தாவின் கிரகங்கள்

எங்கள் முன்பள்ளிக்குக் கஞ்சி காய்ச்சத்தான் அவரை எடுத்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கு வந்து முற்றத்தைக் கூட்டி, அடுப்பை மூட்டி, முருங்கையிலையோ வல்லாரையோ அரைத்துவிட்டுக் காய்ச்சிய கஞ்சியைப் பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, பேணிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவதுதான் வேலை. பிள்ளைகள் அவரைக் 'கஞ்சி ராத்தா' என்றார்கள். ராத்தா என்றால் மன்னார் முஸ்லிம் வீடுகளில் அக்கா. கிறிஸ்தவ வேதக்கார வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்கள். உயிலங்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன நானும் கொஞ்ச நாளில் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். நாற்பது வயதிருக்கும். ஒரு பிள்ளையைப் பார்த்து "ஓரிடத்தில இரு" என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை.

அங்கே படிப்பிக்க நான் முதன்முதல் போன நாள் வகுப்பறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்கவேண்டும். ஒரு சத்தமும் இல்லை. பயந்துபோய்க் கதவைத் திறந்தேன். எல்லாரும் நிலத்தில் மல்லாந்து படுத்து, கால்களைத் தங்கள் சின்னக் கதிரைகளின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு முகட்டைப் பார்த்தபடி கிடந்தார்கள். குசினி வாசலில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் அகப்பையோடு ஒரு பெண் நின்றார்.

"டீச்சர், வாசல்ல நிக்காதீங்க. இப்ப கிளம்பப் போகுது."

"என்ன கிளம்பப் போகுது?"

"ராக்கெட்."

அவர் அகப்பையை உயர்த்தி, "அஞ்சு, நாலு, மூண்டு, ரெண்டு, ஒண்டு" என்றார். அகப்பை இறங்கியது. இருபத்திரண்டு பிள்ளைகளும் உருண்டு எழுந்து, குந்தி, ஒரே பாய்ச்சலில் வாசலால் வெளியே போனார்கள். வாசலில் நான். புதுச்சேலையின் கொய்யகத்தில் எத்தனை கால்கள் மிதித்தன என்று தெரியாது. சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன். முற்றத்தை மூன்றுதரம் சுற்றிய பிள்ளைகள், வேகத்தைக் குறைத்து, கைகளைச் சிறகுபோல் விரித்து, தண்ணீர்க் குழாயடியில் ஒவ்வொருவராக 'இறங்கி'னார்கள். இறங்கியவர்கள் கைகழுவினார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

"கை கழுவுங்கோ எண்டு சொன்னா அரைவாசி போகும், அரைவாசி போகாது," என்றார் அவர். "ராக்கெட் எண்டா ஒண்டும் மிச்சமில்லை."

நான் அப்போதுதான் டிப்ளோமா முடித்திருந்தேன். பிள்ளைகள் கைகட்டி வரிசையாக இருப்பதுதான் நல்ல வகுப்பு என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. கஞ்சி காய்ச்ச வந்தவர் என் வகுப்பை வானத்துக்கு அனுப்புகிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. ஆனால் 'அ' எழுதச் சொல்லி நான் உயிரை விட்டுக்கொண்டிருக்கையில் பிள்ளைகளின் கண்கள் குசினிப் பக்கமே திரும்பிக் கிடந்தன.

அவருடைய விளையாட்டுகளுக்குப் பஞ்சமேயில்லை. பழைய சாரங்களைக் கிழித்துச் சுருட்டித் தைத்த துணிப்பந்துகள் விண்கற்கள். ஒரு பக்கத்துப் பிள்ளைகள் அவற்றை உருட்டிவிட, மறுபக்கத்தார் அவை காலில் படாமல் முற்றத்தைக் கடக்கவேண்டும். கல் பட்டால் ஆட்டத்தை விட்டு வெளியேறத் தேவையில்லை. வேப்பமரத்தடியில் இருக்கும் 'கராஜ்'க்குப் போய்ப் பத்துத்தரம் துள்ளி, கப்பலைத் திருத்திக்கொண்டு திரும்பிவரலாம். சில பிள்ளைகள் கராஜ் பிடித்துப்போய் வேண்டுமென்றே கல்லில் காலை வைத்தார்கள். அவர் அதைக் கண்டும் காணாதவர்போல் இருந்தார்.

மன்னார்க் கழுதைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். படலை திறந்திருந்தால் தெருவில் திரிகிறவை நேரே முற்றத்துக்குள் வந்துவிடும். முன்பு பிள்ளைகள் கல்லெறிவார்கள், கழுதை உதைக்கும், யாராவது அழுவார்கள். ராத்தா ஒரு சட்டம் வைத்தார். கழுதை உள்ளே வந்தால் வேறு கிரகத்திலிருந்து விருந்தாளி வந்திருக்கிறார் என்று அர்த்தம். எல்லாரும் ஒற்றைக்காலில் அசையாமல் நிற்கவேண்டும். யார் அசைந்தாலும் விருந்தாளி பயந்துபோவார். கழுதை வந்து, ஒற்றைக்காலில் ஆடி ஆடி நிற்கும் இருபத்திரண்டு பேரையும் பார்த்து, வேப்பமரத்தடியில் எதையோ முகர்ந்துவிட்டு, தானாகவே வெளியே போய்விடும். அது படலையைத் தாண்டியதும் எழும் கூச்சல் மீன் சந்தை வரைக்கும் கேட்கும்.

இவையெல்லாம் எங்கே படித்தார் என்று ஒருநாள் கேட்டேன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது என்றார். மகன் வாங்கிக் கொடுத்த, முகப்பு வெடித்த போனில் தேங்காய் துருவும்போது விண்வெளி வீரர்களின் வீடியோ பார்ப்பாராம். ஆங்கிலத்தில் சொல்லுவது விளங்காத இடங்களை நினைவில் வைத்திருந்து என்னிடம் கேட்பார்.

"புள்ள, சந்திரனில நம்மட பாரம் குறையுமாம். எவ்வளவு குறையும்?"

தேடிப் பார்த்து, ஆறில் ஒரு பங்குதான் இருக்கும் என்றேன். அடுத்த நாள் சந்திரனில் நடக்கும் விளையாட்டு மாறியிருந்தது. அதுவரை சும்மா துள்ளியவர்கள் இப்போது மெல்ல மெல்ல, காற்றில் நீந்துகிறவர்கள்போல், ஒரு காலடிக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆறு எண்ணி இறங்கினார்கள். ஆறு எண்ணும்வரை ஒரு காலில் நிற்பதில் வயிறு, தொடை, முதுகு எல்லாம் நடுங்கும். நானும் ஒருதரம் மறைவாகச் செய்து பார்த்தேன். மூன்றுக்கு மேல் முடியவில்லை.

"விளையாட்டு விளையாட்டா இருக்கோணும். பொய்யா இருக்கப்படாது," என்பார்.

பிள்ளைகளை ஏன் ஒருபோதும் இருக்கச் சொல்வதில்லை என்றும் கேட்டிருக்கிறேன். பானையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். அவர் பிறந்தது கொண்டச்சியில். சின்ன வயதில் யுத்தத்தில் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளிக்கிட்டு, புத்தளம் பக்கத்து முகாமொன்றில் வளர்ந்தவர். ஒரு கொட்டிலைச் சேலைகளால் பிரித்து நான்கு குடும்பங்கள். ஒரு சேலைக்கு அப்பால் நோயாளி, இன்னொரு சேலைக்கு அப்பால் கைக்குழந்தை.

"அசையாத, சத்தம் போடாத, இரு. காலம்பற எழும்பினா இதுதான். உம்மாவில பிழையில்லை, அவ என்ன செய்வா? எட்டு வருஷம் இருந்தன் புள்ள. என்ர பங்குக்கு இருக்கவேண்டிய இருப்பெல்லாம் அப்பவே இருந்து முடிச்சிட்டன்."

சொல்லிவிட்டு எழுந்து, பானையைக் கவிழ்த்துவிட்டு, பிள்ளைகளிடம் போய்விட்டார்.

பிரச்சினை பெற்றோர் கூட்டத்தில் வந்தது. சீமெந்தும் ஆணியும் பெயின்ட்டும் விற்கும் கடை வைத்திருந்த ஒருவர் எழுந்தார். ராத்தாவுக்குத் தூரத்து மச்சான் முறை. நல்ல பருமன். அவருடைய ஒரே மகள் எங்களிடம் படித்தாள்.

"என்ர மகள் வீட்டில அலுமாரிக்கு மேல ஏறி நிண்டு பாயிறாள். என்னடி எண்டு கேட்டா, சந்திரனில இறங்கிறாளாம். நான் அனுப்பினது எழுத்துப் படிக்க. கஞ்சி காய்ச்ச வந்தவ கஞ்சி காய்ச்சினாப் போதும்."

ராத்தா குசினி வாசலில் நின்றபடியே பதில் சொன்னார். "மச்சான், மேல விண்வெளி நிலையத்தில இருக்கிற பெரிய மனுசரே ஒவ்வொரு நாளும் ரெண்டு மணித்தியாலம் உடற்பயிற்சி செய்யிறாங்க. இல்லாட்டி எலும்பு மெலிஞ்சுபோகுமாம். கீழ இருக்கிற புள்ளைக்கு வேணாமா?"

தாய்மார் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களே, பிள்ளைகளின் உடுப்பில் ஊத்தை ஏறுவதைப் பற்றியும் சொன்னார்கள். நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவதென்று முடிவானது. என் எழுத்து வடிவாக இருக்கும் என்று என்னிடம் தந்தார்கள். 'சமையல் உதவியாளர் வகுப்பு நேரத்தில் பிள்ளைகளின் ஒழுங்கைக் குலைக்கிறார்' என்று எழுதினேன். கையெழுத்து வைத்தது பெற்றோர்தான். ஆனால் அந்த வாக்கியத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அது நானாக எழுதியது.

குசினியை விட்டு வெளியே வரக்கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. பிள்ளைகள் கதிரைகளில் இருந்தார்கள். நான் விரும்பிய வகுப்பு எனக்குக் கிடைத்துவிட்டது. முதல் இரண்டு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கிள்ளல்கள் தொடங்கின. பென்சிலால் குத்தல், தலைமயிரைப் பிடித்திழுத்தல், காரணமில்லாத அழுகை. கஞ்சி பேணிகளில் மிச்சமாக நின்றது. ஒருநாள் மிஞ்சிய கஞ்சியைக் கொடுக்கக் குசினிக்குப் போனேன். ராத்தா தனியாக, அகப்பையைப் பானைக்குள் விட்டபடி, அடுப்பைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு நின்றார்.

"இல்ல புள்ள, அடிப்பிடிக்கும். அதுதான்," என்றார்.

அந்தக் கிழமையே கொரோனாவுக்காக எல்லாவற்றையும் பூட்டினார்கள்.

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து மறுபடி திறந்தபோது நிபந்தனைகள் வந்தன. பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடையில் ஒரு மீற்றர் இடைவெளி. சமையல் கிடையாது, ஆகவே ராத்தாவும் இல்லை. நான் நிலத்தில் நாடா ஒட்டிச் சதுரங்கள் செய்து, ஆளுக்கொரு பெட்டி என்று சொல்லி இருத்தினேன். அரை மணித்தியாலம்கூடத் தாங்கவில்லை. இத்தனை மாதம் கண்டிராத கூட்டாளிகள் பக்கத்துப் பெட்டியில் இருந்தால் எந்தப் பிள்ளைதான் தன் பெட்டிக்குள் இருக்கும்? கட்டிப்பிடித்து உருண்டார்கள். பிரிக்கப் போனால் அழுதார்கள். மூன்றாம் நாள், அடுத்த நாளே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்க வருவார் என்று தகவல் வந்தது. சரியில்லையென்றால் மறுபடி பூட்டவேண்டியதுதான்.

மத்தியானம் இரண்டு மணி வெயிலில் ராத்தாவின் வீட்டுக்கு நடந்தேன். வேலியோரம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார்.

"வாங்கோ டீச்சர், முகமெல்லாம் வாடிப்போச்சு. தண்ணி குடிக்கிறீங்களா?"

"ராத்தா, முதல்ல ஒண்டு சொல்லோணும். உங்களைப் பற்றி அந்தக் கடிதம் போனதெல்லோ, அதை எழுதினது நான்."

அவர் ஒரு சட்டையை உதறிக் கயிற்றில் போட்டார்.

"தெரியும் புள்ள. வாசிக்கத் தந்தாங்க. 'ழ'வுக்கு அப்பிடி ஒரு வால் உன்னை விட்டா ஆர் போடுவா? நம்மட புள்ளையள் எல்லாம் அதே வாலோடதானே எழுதுதுகள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இதுக்கெல்லாம் அழுவாங்களா? அண்டைக்கு எனக்குக் கோவம் வந்ததுதான். உன்னைப் பேசவேணும் எண்டுதான் இருந்தன். பொறகு கொரோனா வந்திட்டுது." இன்னொரு சட்டையை எடுத்தார். "சரி, அதை விடு. எத்தனை புள்ளையள்? முற்றத்தில என்ன நீளம் வரும்?"

அடுத்த நாள் காலை மீன்வலைக் கயிற்றோடு வந்தார். மீற்றருக்கு ஒன்றாக முடிச்சுப் போட்டிருந்தார். முற்றத்தின் நடுவில் ஒரு ஆப்பை அடித்து அதில் கயிற்றைக் கட்டினார். முதல் முடிச்சில் தடியைப் பிடித்து ஒரு சுற்று நடந்தார். மணலில் வட்டம் விழுந்தது. இரண்டாம் முடிச்சில் இரண்டாம் வட்டம். இப்படி ஆறு வட்டங்கள் கீறி, அவற்றின்மேல் அடுப்புச் சாம்பலைத் தூவினார். ஆப்பின்மேல் மஞ்சள் வாளி ஒன்றைக் கவிழ்த்தார். அது சூரியன்.

"அவரவர் பாதையில அவரவர். உள்வட்டத்தில ஒராள், வெளிய போகப் போகக் கூட. உள்ளுக்கு இருக்கிற கிரகம் கெதியா ஓடும், வெளிய இருக்கிறது ஆறுதலா நடக்கும். முன்னுக்குப் போறவரைக் கைநீட்டித் தொடுற தூரத்துக்குப் போனா இழுவை பிடிச்சிரும். ரெண்டு பேரும் கராஜ்!"

ஒரு மீற்றர் என்ற சொல்லை அவர் உச்சரிக்கவேயில்லை. பிள்ளைகள் கைகளை நீட்டி நீட்டித் தூரம் பார்த்துக்கொண்டு சுற்றினார்கள். உள்வட்டத்தில் நின்ற கடைக்காரரின் மகள் பம்பரம்போல் ஓடினாள். கடைசி வட்டத்தில் போனவர்கள் பெரிய மனிதர்கள்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாவினார்கள். களைத்தவர்கள் இடம் மாறினார்கள். ஆடிக் களைத்த பிறகு, அதே வட்டத்தில் நின்றபடியே மணலில் விரலால் 'அ' எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.

பரிசோதகர் மோட்டார்சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு, கோப்பொன்றையும் அளவுநாடாவையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். இவர் ஏதும் கேட்பதற்குள் ராத்தா முந்திக்கொண்டார்.

"ஐயா, அப்பிடியே நடுவால வரப்படாது. பாதை முறியும். நீங்க வால்வெள்ளி. தூரத்தில இருந்து வந்து, வளைஞ்சு, சூரியனை ஒருக்காச் சுத்திப்போட்டு அப்பிடியே வெளிய போகோணும்."

மனிதர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு கோப்பை என் கையில் தந்துவிட்டு, பிள்ளைகளுக்கு இடையில் நேரம் பார்த்து நுழைந்து, மஞ்சள் வாளியைச் சுற்றி, மறுபக்கத்தால் வெளியேறினார். அவருக்குப் பின்னால் அளவுநாடா அவிழ்ந்து வால்போல் இழுபட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர் திரும்ப வந்து கயிற்றின் முடிச்சுகளை அளந்தார். ஒன்றிலும் குறையில்லை.

"இண்டைக்கு நாலு இடம் போட்டு வாறன்," என்றார் கோப்பில் எழுதியபடி. "எல்லா இடத்திலயும் பிள்ளையள் அழுதுகொண்டு இருந்தவை. இதை ஆர் சொல்லித் தந்தது?"

"இவ எங்கட கஞ்சி ராத்தா," என்றேன். அதை அவ்வளவு பெருமையாகச் சொல்ல எனக்கு உரிமை இருந்ததா என்று தெரியவில்லை. சொன்னேன்.

மகளைக் கூட்டிப்போக வந்த கடைக்காரர் வேலிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அடுத்த நாள் அவருடைய கடையிலிருந்து ஒரு மூட்டை சுண்ணாம்பு வந்து இறங்கியது. சாம்பல் காற்றுக்குப் பறக்கிறது, இது நிற்கும் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

சமையல் மறுபடி தொடங்கிய பிறகும் யாரும் ராத்தாவைக் குசினிக்குள் நிற்கச் சொல்லவில்லை. காலையில் அரை மணித்தியாலம் அவருடையது என்று நானே நேரசூசியில் எழுதினேன். அலுமாரியிலிருந்து பாய்வது கூடாது, மணலில் மட்டும்தான் இறங்கலாம் என்று அவரும் ஒரு சட்டம் சேர்த்தார்.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு அவர் போனார். கொண்டச்சியில் அவர்களுடைய பழைய காணியில் வீடு கட்டி முடிந்திருந்தது. புருஷன் முன்பே போய்த் தோட்டம் வைத்திருந்தார். பஸ் நிலையத்துக்கு நான் கூடப் போனேன். ஒரு பெரிய பையில் சட்டி பானை, கையில் அந்த வெடித்த போன். பஸ் வரச் சுணங்கியது.

"நாளைக்குப் பிள்ளையள் கேட்பினம்," என்றேன். "ராத்தா சந்திரனுக்குப் போயிட்டா எண்டு சொல்லவா?"

அவருக்குக் கோபம் வந்து நான் கண்டது அன்றுதான்.

"என்ன புள்ள கதைக்கிறாய்? புள்ளையளுக்குப் பொய் சொல்லுவியா? பொறகு அதுகள் வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கும். கொண்டச்சிக்குப் போனவ எண்டு சொல்லு. பஸ்ஸில ஒண்டரை மணித்தியாலம். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில நீல கேற் போட்ட வீடு. வர விருப்பமானவை உம்மா வாப்பாவோட வரலாம் எண்டு சொல்லு."

அப்படியே சொன்னேன். பஸ் எங்கே பிடிப்பது, கேற்றின் நிறம் உட்பட. பெரியவர்கள் சொல்லும் இப்படிப்பட்ட அழைப்புகளை நாங்கள் மறந்துவிடுவோம். பிள்ளைகள் மறப்பதில்லை. தினமும் வீட்டில் கேட்டு நச்சரித்திருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் ஒரு வான் ஏற்பாடானது. ஏற்பாடு செய்தவர் கடைக்காரர். அவருடைய மகள் அப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. அவள்தான் கூட்டத்துக்குத் தலைவி. பதினொரு பிள்ளைகள், ஆறு பெற்றோர், நான்.

நீல கேற்றைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. ராத்தா வாசலுக்கு ஓடிவந்தார். கொஞ்சம் கறுத்திருந்தார், கைகளில் மண். பிள்ளைகள் அவரைக் கட்டிப்பிடித்ததில் சுவரோடு சாய்ந்துவிட்டார். பெரியவர்கள் ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்து, கொண்டுவந்த பழங்களைக் கொடுத்து முடிப்பதற்குள் வளவில் கூச்சல் கிளம்பிவிட்டது. கடைக்காரரின் மகள் ஒரு கயிறும் தடியும் தேடியெடுத்து, கூட்டாளிகளை ஆளுக்கொரு பக்கம் நிறுத்தி, மணலில் வட்டங்கள் கீறிக்கொண்டிருந்தாள். ராத்தா கிட்டப் போகவில்லை. படியில் நின்று பார்த்தார். ஒரு வட்டம் கோணியபோது அவர் வாயெடுத்ததும், சொல்லாமல் விட்டதும் எனக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளை தானே பார்த்து அழித்துவிட்டுத் திரும்பக் கீறினாள்.

கடைக்காரர் வளவின் ஓரத்தில் நின்றார். இஸ்திரி போட்ட காற்சட்டை, மினுங்கும் சப்பாத்து. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்தாவிடம் ஏதோ சொல்ல வந்தவர்போல் ஒருதரம் திரும்பினார். பிறகு குனிந்து சப்பாத்துகளைக் கழற்றி, சொக்ஸை அவற்றுக்குள் திணித்து, வேலியோரம் வைத்தார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு மகளிடம் போனார்.

"நான் எங்க நிக்கோணும்?"

மகள் அவரை மேலும் கீழும் பார்த்து யோசித்தாள். பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உள்வட்டத்தில் நிறுத்தினாள்.

"இங்க, வாப்பா. நீங்கதான் புதன். எல்லாத்திலயும் சின்னக் கிரகம். சூரியனுக்குக் கிட்ட, அதால எல்லாரையும் விட வேகமா ஓடோணும்."